தாமஸ் மன்றோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருவாய்த் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். பட்டா, சிட்டா, அடங்கல், ஜமாபந்தி என்றே காலம் போயிற்று. ஓய்வு பெற்று சென்னைக்கு வந்தபிறகு, தீவுத்திடல் பக்கம் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் அங்கே குதிரைமேல் இருக்கும் மன்றோ சிலையைக் காட்டி ஏதாவது கேட்பார்கள். உறவுக்காரர்கள், பேரப்பிள்ளைகள், பழைய சகாக்கள், மந்திராலயம் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன்.

யாருங்க இந்த மன்றோ? சுருக்கமா சொல்லுங்க.

ஸ்காட்லாந்துக்காரர். 1761 மே 27 அன்று கிளாஸ்கோவில் பிறந்தார். 1780 ஜனவரியில் கிழக்கிந்தியக் கும்பினியின் காலாட்படையில் சேர மெட்ராஸ் வந்து இறங்கியபோது வயது 18. ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்துப் போர்களில் இருந்தார். அப்புறம் சேலம், தருமபுரிப் பக்கம் வரி நிர்வாகத்துக்குப் போனார். அங்கிருந்து கனரா, ராயலசீமை என்று கலெக்டர் வேலை. 1820இல் மெட்ராஸ் மாகாணத்தின் கவர்னர். அந்தப் பதவியில் இருக்கும்போதே 1827 ஜூலை 6 அன்று காலராவில் இறந்தார்.

நிலவரி விஷயத்தில் 'ரயத்துவாரி' என்ற சொல் காதில் விழுந்தால் அவர் பெயரும் கூடவே வரும். அதைக் கீழே சொல்கிறேன்.

பெரிய பிரபு வீட்டுப் பிள்ளையா?

இல்லை. அப்பா அலெக்சாண்டர் மன்றோ, அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வியாபாரம் செய்தவர். நல்ல வசதியாகத்தான் இருந்தார்கள். மகனும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஒரு வியாபாரக் கம்பெனியில் கணக்கு எழுதப் பழகிக்கொண்டிருந்தான். அமெரிக்காவில் சுதந்திரப் போர் வெடித்ததும் புகையிலை வியாபாரம் படுத்தது, குடும்பம் நொடித்தது. அமெரிக்கர்கள் பிரிட்டனை எதிர்த்து எழாமல் இருந்திருந்தால் மன்றோ கிளாஸ்கோவில் ஒரு புகையிலை வியாபாரியாகவே காலம் தள்ளியிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

சின்ன வயதில் வந்த நோயால் காது கொஞ்சம் மந்தம். இந்தக் காதோடுதான் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான குடியானவர்களின் முறையீட்டைக் கேட்டார்.

பிரிட்டிஷ் ராணுவ அதிகாரின்னா ராஜாவோட ராணுவமா, கும்பினி ராணுவமா?

கும்பினி ராணுவம். இது முக்கியமான வித்தியாசம். மன்னரின் படையில் அதிகாரிப் பதவியைக் காசு கொடுத்து வாங்கலாம். கும்பினிப் படையில் சீனியாரிட்டிப்படிதான் மேலே போக முடியும். அதனால் கையில் காசில்லாத நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் கும்பினிக்கு வந்தார்கள். மேலே போக வருடக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பு எப்படி இருந்தது என்று 1789இல் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். இந்தியாவுக்கு வந்து மூன்று வருடம் வரை புத்தகமோ தோட்டாப் பையோதான் தலையணை. நாலு குச்சியில் கட்டிய கான்வாஸ் துணி படுக்கை. குளிர்காலத்தில், ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய கோட்டின் கைகளுக்குள் கால்களை விட்டுக்கொண்டு, அடிப்பகுதியைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொள்வாராம். தங்கையைச் சிரிக்கவைக்க எழுதியதுதான். ஆனால் இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரன் எல்லோரும் இறங்கிய மறுநாளே பல்லக்கில் ஏறிவிட்டான் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்கலாம்.

ஹைதர் அலியோட நேருக்கு நேர் சண்டை போட்டாரா?

போரில் இருந்தார். ஆனால் பெரிய தளபதியாக இல்லை, வாலிப அதிகாரியாக. அவர் வந்த வருடமே, 1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரம் பக்கத்தில் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் சேர்ந்து நிர்மூலமாக்கினார்கள். இந்தியாவில் கும்பினி அதுவரை வாங்கிய அடிகளில் அதுதான் பெரியது. அருகிலேயே காஞ்சிபுரத்தில் பெரிய படையோடு இருந்த தளபதி, உதவிக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேரவில்லை. மெட்ராசுக்குப் பின்வாங்கினார். அந்தப் பின்வாங்கிய படையில் நம்முடைய 19 வயது மன்றோவும் ஒருவர்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், அந்தத் தளபதியின் பெயரும் மன்றோதான். அவர் ஹெக்டர் மன்றோ, 1764இல் பக்ஸார் போரில் ஜெயித்தவர். புள்ளலூர்த் தோல்விக்கு தாமஸ் மன்றோ மேல் பழி போட்டு ஒருவர் என்னிடம் அரைமணி நேரம் வாதாடினார். ஆள் மாறிப்போச்சு ஐயா என்று சொல்லிப் பார்த்தேன். ஒத்துக்கொள்ளவில்லை.

துப்பாக்கி பிடிச்ச ஆளை வரி வசூலுக்கு ஏன் அனுப்பினாங்க? அதுக்குன்னு தனி ஆள் இல்லையா?

இருந்தார்கள். பிரச்சினையே அவர்கள்தான். 1792இல் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒப்பந்தம் ஆனபோது, திப்புவிடமிருந்து பாராமகால் கும்பினிக்கு வந்தது. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பகுதி. சேலம் சீமையும் அதோடு சேர்ந்து வந்தது. கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் மெட்ராசின் சிவில் அதிகாரிகளை ஆராய்ந்து பார்த்தார். பெரும்பாலானவர்களுக்கு உள்ளூர் மொழி தெரியாது, துபாஷிகளை (மொழிபெயர்ப்பாளர்களை) நம்பிக் காலம் ஓட்டினார்கள், கைச்சுத்தமும் சந்தேகம். ஆகவே கேப்டன் அலெக்சாண்டர் ரீடு என்ற ராணுவ அதிகாரியைக் கலெக்டராக்கி, அவருக்கு உதவியாக மூன்று ராணுவ அதிகாரிகளைப் போட்டார். அந்த மூவரில் ஒருவர் மன்றோ.

அங்கே ஏழு வருடம். கிராமம் கிராமமாகக் கூடாரம் போட்டு, கர்ணத்தையும் (கிராமக் கணக்கர்) மணியக்காரரையும் (ஊர்த் தலைவர்) கூட்டி உட்காரவைத்து, எந்த வயல் யாருடையது, என்ன விளைகிறது, எவ்வளவு கட்ட முடியும் என்று கேட்டு எழுதுவதே வேலை. நானும் இந்த வேலையைச் செய்தவன். வெயிலில் ஒரு வரப்பு தகராறைத் தீர்ப்பதற்குள் நாக்கு வறண்டுபோகும். கையில் ஜீப்பும் பழைய பதிவேடும் இருந்த எங்களுக்கே அப்படி. அவர் குதிரையில் போய் முதல் பதிவேட்டையே எழுத வேண்டியிருந்தது.

தருமபுரியில் அவருக்கு ஒரு தோட்டம் இருந்தது. அந்த ஊரையும் தோட்டத்தையும் விட்டுப் பிரிய மனம் வரவில்லை என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஊர் ஊராக மாற்றலாகிப் போன அரசு ஊழியர்களுக்கு அந்த வாக்கியம் புரியும்.

ரயத்துவாரின்னா என்ன? அதை அவர்தான் கண்டுபிடிச்சாரா?

ரயத் என்றால் குடியானவர். நிலவரியை அரசாங்கம் நடுவில் ஜமீன்தாரை வைக்காமல் நேரடியாக நிலம் வைத்திருப்பவரிடம் வாங்குவது ரயத்துவாரி. ஒவ்வொரு வயலுக்கும் அளவு, மண்ணின் தரம், தீர்வை எல்லாம் பதிவாகும். நிலம் வைத்திருப்பவர் பெயரில் பட்டா. அவர் விரும்பினால் ஒரு வயலை விட்டுவிடலாம், வேறு எடுத்துக்கொள்ளலாம். கிஸ்தி (நிலவரித் தவணை) ஒழுங்காகக் கட்டும்வரை நிலத்தை அவரிடமிருந்து பிடுங்கக்கூடாது. வங்காளத்தில் 1793இல் காரன்வாலிஸ் கொண்டுவந்தது இதற்கு நேரெதிர். அங்கே ஜமீன்தாரோடு ஒரே தடவை தொகை பேசி நிரந்தரமாக்கிவிட்டார்கள். உழுகிறவன் ஜமீன்தார் கைப்பிடியில்.

கண்டுபிடிப்பு என்று யாராவது ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டுமானால் முதலில் ரீடு பெயரைத்தான் சொல்ல வேண்டும். பாராமகாலில் ரீடும் உதவியாளர்களும் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்த இடம் இது. மன்றோ அதைப் பெரிய நிலப்பரப்பில் செய்து காட்டி, எழுதி, லண்டன் வரை போய் வாதாடி ஜெயித்தவர். வயலுக்கு வயல் வரி போடுவதும், ஜமாபந்தி (வருடாந்திர வரிக்கணக்குச் சரிபார்ப்பு), பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) என்ற சொற்களும் அவர்களுக்கு முன்பே இங்கே இருந்தவை. இன்றும் தமிழ்நாட்டில் பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. அதற்கு முன் மே, ஜூன் வாக்கில் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கிறது. வரி பெயரளவுக்கு வந்துவிட்டது, சடங்கு மட்டும் மாறவில்லை.

அப்போ குடியானவனுக்கு நல்லது செஞ்ச மகராசன்னு சொல்லலாம்தானே?

கொஞ்சம் பொறுங்கள். நடுவில் ஜமீன்தார் இல்லை என்பது நல்லதுதான். ஆனால் அந்த இடத்தில் அரசாங்கமே வந்து உட்கார்ந்துகொண்டது. தீர்வை விளைச்சலில் பாதியை நெருங்கும் அளவுக்கு இருந்தது, ஏறக்குறைய 45 சதவீதம். இது அதிகம் என்று மன்றோவுக்கே தெரியும். 1807இல் ராயலசீமையை விட்டுப் போகும்போது, தீர்வையில் 25 சதவீதம் குறைத்து மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கொண்டுவாருங்கள் என்று எழுதிவைத்துப் போனார். மேலிடம் கேட்கவில்லை. அவர் ஊருக்குப் போன பிறகு ரயத்துவாரியையே தூக்கிவிட்டு, கிராமத்தை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டார்கள். கவர்னராகத் திரும்பி வந்த பிறகுதான் ரயத்துவாரியும் திரும்பியது, அந்தப் பகுதிக்குக் குறைப்பும் கிடைத்தது.

அதே ஆள் கலெக்டராக இருந்த ஏழு வருடத்தில் அங்கே வசூல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குறைக்கச் சொன்ன கைதான் கூட்டியும் வாங்கியது.

இன்னொன்று, 'ரயத்' என்பது பட்டாதாரர். வயலில் இறங்கி நாற்று நட்ட பண்ணையாள் அந்தப் பதிவேட்டில் இல்லை. தஞ்சாவூர், செங்கல்பட்டுப் பக்கம் பரம்பரை நில உரிமை கொண்ட மிராசுதார் பெயர்தான் ஏறியது, உழைத்தவர் பெயர் ஏறவில்லை. மிராசு உரிமை என்பது எவ்வளவு பழையது, எவ்வளவு கெட்டியானது என்பதில் அவருக்கும் எல்லிஸ் துரைக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. திருக்குறளுக்கு உரை எழுதிய அதே எல்லிஸ்தான். மிராசு உரிமையைத் தூக்கிப்பிடித்து எல்லிஸ் எழுதியதை மன்றோ பின்னாளில் அவ்வளவாக ஏற்கவில்லை. இரண்டு பேரும் சண்டை போட்டதும் நிலம் வைத்திருந்தவர்கள் விஷயத்தில்தான்.

கட்டபொம்மனைத் தூக்கில போட்டது இவர்தானே?

இல்லை. கயத்தாறில் 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிடச் செய்தவர் மேஜர் பானர்மேன். அந்தச் சமயம் மன்றோ மேற்குக் கரையில், கனராவில் கலெக்டர். அந்த இடத்தை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஓயாத மழை, விடாத வேலை.

ஆனால் பாளையக்காரர்களுக்கு அவர் நண்பர் என்று நினைத்துவிடாதீர்கள். 1800இல் நிஜாம் கும்பினிக்கு விட்டுக்கொடுத்த பெல்லாரி, கடப்பா, அனந்தப்பூர் சீமைக்கு, அதாவது ராயலசீமைக்கு, அவரை அனுப்பினார்கள். அங்கே ஏறக்குறைய 80 பாளையக்காரர்கள் ஆளுக்கொரு கோட்டையும் ஆட்களும் வைத்திருந்தார்கள். மன்றோ அவர்களுடைய ஆயுதத்தையும் அதிகாரத்தையும் ஒவ்வொன்றாகப் பறித்தார். சிலருக்கு ஓய்வூதியம், சிலருக்கு ஊரைவிட்டு வெளியேற்றம். அவர் நடந்துகொண்ட முறை கடுமை என்று லண்டனிலிருந்த கும்பினி இயக்குநர்களே முகம் சுளித்தார்கள். தெற்கே பானர்மேன் கயிற்றால் செய்ததை வடக்கே இவர் பெரும்பாலும் காகிதத்தால் செய்தார் என்பேன்.

ராயலசீமையில அவரைக் கடவுளாட்டம் கும்பிடறாங்கன்னு சொல்றாங்களே?

'மாண்டவ ரிஷி' என்று ஒரு பெயரே உண்டு. பிள்ளைகளுக்கு 'மன்றோலப்பா' என்று பெயர் வைத்த குடும்பங்களும் இருந்தன. அங்கே அவர் செய்த பெரிய வேலை நில அளவை. 33 அடிச் சங்கிலியை வைத்து அளந்தார்கள். 33 அடிக்கு 33 அடி ஒரு குண்டா, 40 குண்டா ஒரு ஏக்கர். கர்நாடகத்தில் இன்றும் நிலம் பேசுகிறவர்கள் குண்டாக் கணக்கில்தான் பேசுவார்கள். கையில் நாலைந்து அளவைக்காரர்களோடு ஆரம்பித்து நூறு பேராக்கி, ஏறக்குறைய 20 லட்சம் பேர் வாழ்ந்த சீமையை வயல் வயலாக எழுதி முடித்தார். படையைக் கூட அழைத்துக்கொள்ளாமல் சுற்றினார் என்பது மக்களுக்கு மறக்கவில்லை.

இவ்வளவு வசூல் செய்தவரை ஏன் ரிஷி என்றார்கள்? அவருக்கு முன் ஒரே வயலுக்குப் பாளையக்காரர் ஒரு முறை, நிஜாம் ஆள் ஒரு முறை, கொள்ளைக்காரன் ஒரு முறை என்று வந்து வாங்கிப் போயிருந்தார்கள். இவர் வந்தபின் ஒருவரே வாங்கினார், தொகையும் முன்கூட்டியே தெரிந்தது. அதுதான் காரணம் என்பது என் ஊகம்.

கொல்லத்துல இருக்கிற மன்றோ தீவு இவர் பேர்லதானே?

அது கர்னல் ஜான் மன்றோ. திருவிதாங்கூரில் 1810 முதல் 1819 வரை ரெசிடென்டாக, அதாவது கும்பினியின் பிரதிநிதியாக, இருந்தவர். வேறு ஆள். மேலே சொன்ன ஹெக்டரையும் சேர்த்து மூன்று மன்றோ ஆயிற்று. இதற்கு மேல் குழப்ப வேண்டாம்.

வேலூர்ல சிப்பாய்கள் கிளர்ச்சி பண்ணப்போ இவர் எங்க இருந்தார்?

1806 ஜூலையில் அவர் ராயலசீமையில். அப்போதைய கவர்னர் பெண்டிங்கின் கேள்விக்குப் பதில் எழுதும்போது, சிப்பாய்களைச் சீண்டியது புதிய தலைப்பாகை விதிதான் என்ற முடிவுக்கு வந்தார். அங்கே பெரிய சதி வலை எதுவும் பரவியிருக்கவில்லை என்று அவர் கருத்து.

கலெக்டரா இருந்தவர் கவர்னர் ஆனது எப்படி?

சுற்றி வளைத்து. 27 வருடம் தொடர்ந்து இங்கே இருந்துவிட்டு 1807இல் ஊருக்குப் போனார். 1813இல் கும்பினியின் சாசனத்தைப் புதுப்பிக்கும்போது நாடாளுமன்றம் அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. நாகரிகம் என்பது இரண்டு நாட்டுக்கும் இடையில் வியாபாரச் சரக்கானால், இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்வதால் லாபம் இங்கிலாந்துக்குத்தான் என்று அங்கே அவர் சொன்னதை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். 1814இல் ஜேன் கேம்பெல் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 53 நெருங்கியிருந்தது. அதே வருடம் நீதி நிர்வாகத்தைச் சீர்செய்யும் கமிஷனின் தலைவராக மெட்ராஸ் திரும்பினார். கிராம முன்சீபுக்குச் சிறு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் கொடுத்தது, போலீசை நீதிபதியிடமிருந்து எடுத்துக் கலெக்டர் கையில் கொடுத்தது எல்லாம் 1816ஆம் ஆண்டு விதிகள். அந்தப் போலீஸ் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதைப் பற்றி ஒரு கேள்வி வருகிறது.

பிறகு மராத்தியரோடு கடைசிப் போர். 1818இல் கொஞ்சம் படையையும் உள்ளூரில் திரட்டிய ஆட்களையும் வைத்துக்கொண்டு பாதாமி, பெல்காம், சோலாப்பூர்க் கோட்டைகளைப் பிடித்தார். லண்டனில் பெயர் ஏறியது. 1819இல் 'சர்' பட்டம். 1820 ஜூன் 10 அன்று கவர்னர் பொறுப்பேற்றார்.

கவர்னரா உருப்படியா என்ன செஞ்சார்?

என் பார்வையில், நிலவரிக்கு அடுத்தபடி, 1822இல் கேட்ட ஒரு கணக்கு. ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிக்கூடம், யார் யார் படிக்கிறார்கள் என்று கலெக்டர்களிடம் கேட்டார். 1826இல் தொகுத்தபோது, 1,28,50,941 பேர் மக்கள்தொகையில் 12,498 பள்ளிகள், சுமார் 1,88,000 மாணவர்கள். பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள்தான். வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் பையன்களில் மூன்றில் ஒருவனுக்கு ஏதோ கொஞ்சம் படிப்பு கிடைக்கிறது என்று கணித்தார். பெண் குழந்தைகள் எண்ணிக்கை மிகச் சொற்பம். வெள்ளைக்காரன் வருவதற்கு முன் இங்கே படிப்பே இல்லை என்பவர்களுக்கும், எல்லோரும் படித்தார்கள் என்பவர்களுக்கும் இந்த ஒரே கணக்கு இன்றுவரை தீனி போடுகிறது. ஜில்லாவுக்கும் தாலுகாவுக்கும் அரசுப் பள்ளி வைக்க அவர் போட்ட திட்டம், அவர் இறந்தபிறகு சோர்ந்துபோயிற்று.

மற்றபடி கவர்னர் காலத்தில் நிறைய நேரம் பர்மா போருக்கு ஆள் அனுப்புவதிலும் தளவாடம் திரட்டுவதிலும் போயிற்று. ஓய்வு கேட்டிருந்தவர் 1824இல் போர் வந்ததால் தங்கிவிட்டார்.

இந்தியர்களுக்குச் சுதந்திரம் தரணும்னு அப்பவே சொன்னாராமே?

பாதி உண்மை. 1824 டிசம்பர் 31 தேதியிட்ட நீண்ட குறிப்பில், இந்த மக்கள் ஒருநாள் தங்களைத் தாங்களே ஆளும் நிலைக்கு வரவேண்டும், அதுவரை ஆள்வதே நம் நோக்கம் என்ற பொருளில் எழுதினார். அந்த நாள் ஏதோ ஒரு வருங்காலத்தில். அதற்கு முன் 'மூடநம்பிக்கைகளை' விட வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே இருக்கிறது. இந்தியர்களுக்கு உயர்ந்த பதவி கொடுங்கள், நல்ல சம்பளம் கொடுங்கள் என்று வாதாடினார். முந்தைய படையெடுப்பாளர்கள் கொடுமை செய்திருக்கலாம், ஆனால் ஒரு ஜனக்கூட்டத்தையே நம்பத்தகாதவர்கள் என்று நம்மைப்போல் இகழ்ந்தவர் யாருமில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

அதே ஆள் 1822 ஏப்ரலில் பத்திரிகைச் சுதந்திரத்தை எதிர்த்து எழுதினார். சுதந்திரமான பத்திரிகையும் அந்நியர் ஆட்சியும் ஒன்றாக நீடிக்க முடியாது என்றார். எனக்கு அவருடைய எழுத்தில் நேர்மையானதாகப் படுவது இதுதான். தங்கள் ஆட்சி அந்நியர் ஆட்சி என்பதை அவர் மழுப்பவில்லை.

மந்திராலயத்துல ராகவேந்திரர் இவர்கூடப் பேசினாராம், நிஜமா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. கதை இப்படி: மடத்துக்கு மானியமாக இருந்த மந்திராலயத்து நிலத்தைத் திரும்ப எடுக்கும் விஷயமாக விசாரிக்க மன்றோ வருகிறார். தொப்பியையும் செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே போகிறார். 1671இலேயே பிருந்தாவனம் புகுந்துவிட்ட ராகவேந்திர சுவாமி அவருக்குத் தோன்றிப் பேசுகிறார். சுற்றி நின்றவர்களுக்கு துரை தனியாகப் பேசுவதுபோல் தெரிகிறது. பிறகு நிலம் மடத்துக்கே இருக்கட்டும் என்று உத்தரவாகிறது.

நம்பிக்கையைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆண்டு விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை. 1800க்கும் 1807க்கும் வெளியே எந்த ஆண்டைச் சொன்னாலும் அவர் அந்தச் சீமைக்குக் கலெக்டராக இல்லை. மற்றபடி, கோயில், மட மானியங்களைச் சும்மா தொட்டால் ஊர் கொதிக்கும் என்று தெரிந்த நிர்வாகி அவர். 1822இல் ஒரு சப் கலெக்டர் மதப் பிரசுரங்களை விநியோகித்தபோது, அதிகாரியின் வேலை அதுவல்ல என்று கண்டித்து எழுதினார்.

திருமலையிலும் ஒரு கதை உண்டு. தீராத வயிற்றுவலி பிரசாதத்தால் தீர்ந்தது என்று நைவேத்தியத்துக்கு ஏற்பாடு செய்தாராம். 'மன்றோ கங்காளம்' என்ற பாத்திரத்தின் பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள்.

கவர்னருக்கே காலரா வந்துச்சா?

வந்தது. குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் மனைவி ஜேன் 1826இல் சின்ன மகனோடு இங்கிலாந்து போய்விட்டார். மன்றோவும் ராஜினாமா கொடுத்துவிட்டு, அடுத்த கவர்னர் வருவதற்காகக் காத்திருந்தார். அந்த இடைவெளியில், 1827 மே மாதக் கடைசியில், பழைய ராயலசீமை மக்களை ஒருமுறை பார்த்து விடைபெறப் புறப்பட்டார். வழியெல்லாம் காலரா. குத்தி (Gooty) என்ற ஊருக்கு வந்து, அங்கிருந்து பத்திகொண்டாவுக்குப் போன இடத்தில் நோய் கண்டு, அன்றைக்கே ஜூலை 6 மாலைக்குப் பிறகு உயிர் போயிற்று. குத்தியில் கோட்டை மலை அடிவாரத்தில் புதைத்தார்கள். 1831இல் எலும்புகளை எடுத்துவந்து சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

கடப்பா பக்கம் இன்னொரு கதையும் சொல்வார்கள். அந்தக் கடைசி நாட்களில் கண்டி என்ற மலை இடுக்கைக் கடக்கும்போது, மேலே தங்கத் தோரணம் தொங்குவதைப் பார்த்தாராம். நல்ல மனசுக்காரர் சாகப்போகும் சமயத்தில்தான் அது கண்ணில் படும் என்பது அந்த ஊர் ஐதீகம்.

சிலையில சேணமும் மிதிபடியும் இல்லையே, சிற்பி மறந்துட்டுத் தற்கொலை பண்ணிக்கிட்டாராமே?

இந்தக் கதையைச் சென்னையில் கேட்காதவர் இருக்க மாட்டார். உண்மையில்லை. சிலையைச் செய்தவர் பிரான்சிஸ் சான்ட்ரி, அந்தக் காலத்தில் லண்டனில் பெரும் புகழோடு இருந்தவர். சென்னையில் சிலை வைத்தது 1839இல். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அவர் செய்த நாலாம் ஜார்ஜ் மன்னர் சிலையிலும் சேணம் இல்லை, மிதிபடி இல்லை. ராஜாவுக்கே மறந்திருப்பாரா? பழைய ரோமானியக் குதிரைச் சிலைகளைப் பார்த்து அவர் வேண்டுமென்றே செய்த பாணி அது. சிலையை மக்கள் சந்தா போட்டு வைத்தார்கள்.

நீல் சிலையைத் தூக்கினாங்க, இதை மட்டும் ஏன் விட்டாங்க?

1857இல் வடக்கே கொத்துக் கொத்தாகத் தூக்கிலிட்ட கர்னல் நீலுக்கு மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. 1927இல் அதை எதிர்த்துச் சத்தியாகிரகம் நடந்தது. 1937இல் ராஜாஜி அரசு அகற்றியது. மன்றோ மேல் அந்த மாதிரிக் கோபம் யாருக்கும் எழவில்லை. மேலே சொன்ன மந்திராலயக் கதையும் ராயலசீமைக் கதையும் அவருக்குக் காவல் நின்றன. வரி போட்டவனை மறந்துவிடலாம், தூக்கில் போட்டவனை மறக்க முடியாது என்றும் ஒரு சக ஊழியர் சொல்வார்.

கலெக்டர்கிட்டயே போலீசும் வரியும் இருந்தா அடிச்சு வாங்க மாட்டாங்களா?

வாங்கினார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டது பிளஸ் டூ படிக்கும் என் பேத்தி. 1816இல் மன்றோ செய்த ஏற்பாட்டில் கலெக்டரே மாஜிஸ்திரேட், தாசில்தாரே போலீஸ். கிராமத்தை அறிந்த ஆள் கையில் எல்லா அதிகாரமும் இருந்தால் நியாயம் சீக்கிரம் கிடைக்கும் என்பது அவர் எண்ணம். அவரைப்போல் ஊர் சுற்றிக் கேட்கிற கலெக்டர் எல்லா ஜில்லாவுக்கும் கிடைக்கவில்லை. கீழே இருந்த சேவகனுக்கு அதே அதிகாரம் தடியாயிற்று.

1854இல் இந்த விஷயம் லண்டன் நாடாளுமன்றம் வரை போய், மெட்ராஸில் ஒரு விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. 1855 அறிக்கையில், கிஸ்தி பாக்கிக்காகச் செய்த சித்திரவதைகள் பெயரோடு இருக்கின்றன. கட்டைகளுக்கு நடுவில் விரலை வைத்து நெரிக்கும் கிட்டி. கழுத்தையும் கால் கட்டைவிரலையும் கயிற்றால் இணைத்து, குனிந்தபடி வெயிலில் நிறுத்தும் அண்ணந்தாள். இரண்டும் தமிழ்ச் சொற்களாகவே ஆங்கில அறிக்கைக்குள் போயிருக்கின்றன. அப்புறம்தான் 1859இல் சட்டம் போட்டு, மெட்ராஸ் போலீசை வருவாய்த் துறையிலிருந்து பிரித்துத் தனியாக்கினார்கள்.